முதுகு காட்டி நின்ற ஜோடி

மயிலாப்பூர்
12-2-1934

என் ஹாஜிராவுக்கு, ஸலாம்.

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம். அடையாறு என்ன அரபு நாடா? வாசல்வரை வந்தால் கதவைச் சாத்துகிறாய், அதனால் தபால்காரர் காலை நோகடிக்கிறேன்.

கடையில் ஒரு கூத்து. லஸ் வக்கீல் பழைய டச்சுச் சித்திரங்களின் அச்சுப் பிரதி இரண்டைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தார். முந்நூறு வருஷத்துக்கு முந்திய புருஷன் பெண்சாதி. அந்த ஊரில் ஆளுக்கொரு பலகையில் தனித்தனியாக வரைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரி பக்கத்தில் மாட்டுவார்களாம். பின்னால் ஒன்று, இரண்டு என்று நம்பர். உருது படித்து வலமிருந்து இடம் பழகிய மண்டையல்லவா? ஒன்றாம் நம்பர் புருஷனை வலது பக்கம் மாட்டிவிட்டேன்.

வக்கீலோடு கடைக்கு வந்த அவர் வீட்டுக் காமாக்ஷி அம்மாள் பார்த்தார். "ஏன்னா, இவாளுக்குள்ள என்ன சண்டை? முதுகைக் காட்டிண்டு நிக்கறா!" கடையே சிரித்தது, எல்லாரையும்விட நான்தான் அதிகம். மாற்றி மாட்டினேன், சேர்ந்துவிட்டார்கள்.

நம்மையும் யாராவது மாற்றி மாட்டக் கூடாதா? வந்துவிடேன்.

உன் வலியுல்லா

அடையாறு
15-2-1934

ஷகீலாவின் அத்தாவுக்கு, ஸலாம்.

சட்டம் நீங்கள் மாட்டிய இடத்தில் இருக்கும். நான் இருக்க மாட்டேன்.

நம் பிள்ளை ஷகீலாவுக்குக் காய்ச்சல் முற்றிய அன்று மூன்று தடவை கடைக்கு ஆள் அனுப்பினேன். "வேலை நெருக்கடி, நகர முடியவில்லை" என்றீர்கள். மய்யித்தை அடக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னீர்கள். அன்று கடையில் என்ன நடந்தது? அதை மட்டும் எழுதுங்கள். தமாஷ் வேண்டாம்.

ஹாஜிரா

மயிலாப்பூர்
17-2-1934

ஹாஜிரா,

நெருக்கடி இல்லை. வேலையே இல்லை. ஷாஹுல் ஹமீதும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நம் நிக்காஹ் ஊர்வலத்தில் நான் குதிரையிலிருந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பால இன்னா ஆச்சு நைனா?" என்று கேட்டார்கள். நீ அனுப்பிய முதல் ஆளிடம், கதை முடியட்டும் என்றேன். மூன்றாவது ஆள் வந்தபோதும் முடியவில்லை. நான்தான் நீட்டினேன். வீட்டுக்கு வந்தேன், நீ அவள் கண்ணை மூடியிருந்தாய்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இனி உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. வா.

வலியுல்லா

அடையாறு
20-2-1934

வலியுல்லா சாகிபுக்கு,

மூன்று வருஷம் காத்திருந்தது இந்தக் கடிதத்துக்குத்தான். நான்தான் வீண்பழி போடுகிறேனோ என்று எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னீர்கள், கோபம் போய்விட்டது. அதோடு நீங்களும் போய்விட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அண்ணன் கரீமுல்லா, ஜமாத்தார் இருவரோடு கடைக்கு வருவார். நம் நிக்காஹை முறிக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அவரிடம் கதை ஏதும் சொல்லாதீர்கள். அண்ணன் இளகிய மனசுக்காரர், சிரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடுவார்.

ஹாஜிரா பீ