தேவியின் தெம்பே பெரட்டல்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து புகைமூட்டம். ஈப்போ மலைகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. துணி காயாது.

லீவு நாள். பதினொரு மணிக்கு மேல் மார்க்கெட். கடை கட்டும் நேரத்தில்தான் விலை இறங்கும். வாரச் செலவுக்கு ஐம்பது வெள்ளி, அதற்குள் எல்லாம். உடைந்த தவ்ஹூ (சோயாப் பால் கட்டி; முழுசை விடப் பாதி விலை, குழம்பில் எப்படியும் உடையத்தானே போகிறது), புளித்த சோயாவில் செய்த தெம்பே, பயற்றங்காய், கங்கோங் கீரை இரண்டு கட்டு, தேங்காய் ஒன்று. முட்டைக்கோஸின் வெளி இலைகள் சும்மாவே கிடைத்தன.

பிளெண்டர் மோட்டார் புகைந்து போய் மூன்று வாரம். புரட்டாசியில் மட்டும் மிளகாயை வீட்டிலேயே அரைப்பேன், இந்த வருஷம் முடியவில்லை. மற்ற மாதங்களில் அரைத்த மிளகாய் வாங்கும் சீன ஆன்ட்டியிடமே வாங்கிவிடுகிறேன். வாய் திறக்க வேண்டாம். என்னைப் பார்த்ததும் "மாச்சாம் பியாசா?" என்பாள். எப்போதும் போலவா என்று. தலையாட்டினால் போதும், பொட்டலம் கையில்.

இரவு: பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், ரசம். வீட்டுக்காரர் இரண்டு தடவை சோறு வாங்கினார். மனம் குளிர்ந்தது. அது ஒன்பது மணி வரைக்கும்தான். மகள் ஷாமினி போனை நீட்டினாள்.

"மா, சித்தி வீடியோ பாத்தீங்களா? செம்ம வைரல்லா!"

என் கொழுந்தனார் மனைவி தேவி. 'ஐம்பது வெள்ளியில் ஒரு வாரச் சைவம்.' நெற்றியில் பெரிய பொட்டு, புதுச் சட்டி. செய்தது தெம்பே பெரட்டல். என் பெரட்டல்! தெம்பேயை மஞ்சள் தடவி முதலில் பொரித்து எடுக்க வேண்டும், பயற்றங்காயைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று போன தீபாவளிக்கு என் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு போனவள். 'இது என்னோட சொந்த ஐடியா' என்று சொல்கிறாள். சிரிப்பு வேறு.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். வேலையில் தலைவலி. மதியம் கேன்டீனில் பக்கத்து மேசைப் பெண் பேசியது: "அந்த தேவி அக்கா பெரட்டல் செஞ்சேன், வீட்டுக்காரரு சட்டிய வழிச்சிட்டாரு." நான் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினேன்.

பொறாமைதான். இங்கே எழுதுவதற்கு என்ன. எனக்குப் பொறாமை.

இரவு: உடைந்த தவ்ஹூ குழம்பு, கங்கோங். தண்டைத் தனியாக நறுக்கிப் புளி விட்டது. வீடியோ எடுக்க யாரும் இல்லை.

அக்டோபர் 8, புதன்

பெருமழை. வாசலில் காய்ந்த துணி மறுபடி நனைந்தது.

இவர் கேமரன் மலைக்குக் காய்கறி லாரி ஓட்டுபவர். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் உயிர் பிழைத்த நாளில் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது: மூன்று வருஷம் புரட்டாசி முழுதும் சுத்த சைவம். இது மூன்றாவது வருஷம். வருகிற சனி கடைசிச் சனி, எங்கள் வீட்டில் தளிகை. வேண்டுதல் நிறைவு.

சைவக் கடையில்கூட இவர் கை நனைப்பதில்லை. "எந்தச் சட்டியில பெலாச்சான் பட்டிருக்கோ, யாருக்குத் தெரியும்? நீ சமைச்சதுன்னா கண்ண மூடிக்கிட்டு சாப்பிடலாம்." பெலாச்சான் என்றால் இறால் அரைத்த கட்டி. துளி போதும், விரதம் போச்சு. இந்த ஒரு சொல்லுக்காக இருபது வருஷமாக அடுப்பில் வேகிறேன்.

அதே மனிதர் இன்று ரசத்தைக் குடித்துவிட்டுச் சொன்னது: "சனிக்கெழம தேவியும் பெரட்டல் செஞ்சு கொண்டாரட்டும். தம்பி கேட்டான். எல்லாரும் அவ்ளோ பேசுறாங்க, நாமளும் சாப்ட்டுப் பாப்போமே."

"செய்யட்டுமே, எனக்கென்ன" என்றேன். தட்டைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன் போல. இவர் நிமிர்ந்து பார்த்தார்.

அக்டோபர் 9, வியாழன்

வேலை விட்டதும் தேவி வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைக்கு வாழையிலை யார் வாங்குவது என்று கேட்கத்தான். (பொய். சட்டியைப் பார்க்கத்தான்.)

"வாங்கக்கா, வாங்க! ருசி பாக்குறீங்களா?"

மூடியைத் திறந்தாள். ஆவி மூக்கில் ஏறியது. பெலாச்சான்! சத்தியமாகப் பெலாச்சான். இறால் வாடை எனக்குத் தெரியாதா? தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். படி இறங்கும்போது எனக்கு ஒரே சிரிப்பு.

சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்றே மாற்றிவிடுவாள். சனிக்கிழமை எல்லோர் முன்னிலும் தெரியட்டும். படையலில் வைக்க விடமாட்டேன், அது பாவம். வைப்பதற்குச் சற்று முன்னால் சொன்னால் போதும்.

இரவு நானும் தெம்பே பெரட்டல்தான் செய்தேன். என் கையில் எந்த வாடையும் இல்லை. இவர் வழித்துச் சாப்பிட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

வீடு கழுவல். விளக்கு தேய்த்தது. துளசி மாலைக்குச் சொல்லியாயிற்று. உளுந்து ஊறப் போட வேண்டும், எள்ளு வாங்க வேண்டும், ஷாமினி பாவாடைக்கு இஸ்திரி.

வேலைக்கு நடுவில் நாளைக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கோபமாகச் சொல்லக்கூடாது. வருத்தமாகச் சொல்ல வேண்டும். 'ஐயோ தேவி, தெரியாம செஞ்சிட்டியேம்மா.' இப்படி.

அக்டோபர் 11, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இலை போட்டாயிற்று. சர்க்கரைப் பொங்கல், வடை, புளிச்சோறு, எள்ளுருண்டை எல்லாம் என் கை. இவர் வேட்டியோடு தீபத்தட்டை எடுத்தார். தேவி கரண்டியும் சட்டியுமாகக் குனிந்தாள்.

"ஐயோ தேவி, நில்லு. இதுல பெலாச்சான் வாட அடிக்குது."

நினைத்த மாதிரியே வருத்தமாகத்தான் வந்தது. கொழுந்தனார் சட்டியை மோந்து பார்த்து முகம் சுளித்தார். தேவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் லேசா அடிச்சிச்சுக்கா. ஆனா நீங்க வாங்குற மொளகாதானே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். மார்க்கெட்ல அந்த ஆன்ட்டிகிட்ட 'எங்க அக்காவுக்குக் குடுக்குறதே குடுங்க'ன்னுதான் கேட்டு வாங்கினேன்."

மாச்சாம் பியாசா.

மற்ற மாதமெல்லாம் நான் ஆன்ட்டியிடம் வாங்குவது சம்பாலுக்கு, பெலாச்சான் சேர்த்து அரைத்தது. புரட்டாசி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நானா சொன்னேன்? தலையைத்தானே ஆட்டினேன். வருஷமெல்லாம் பழகிய வாடை, என் சட்டியில் என் மூக்கு அதைத் தேடவே இல்லை.

இவர் என்னைப் பார்த்தார்.

"மூணு வாரமாவா?"

நான் தலைகுனிந்தேன். இவர் தீபத்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். திரும்பி வந்து ஈர வேட்டியோடு பெருமாள் முன் வெகுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று தெரியாது. அடுத்த வருஷமும் விரதம் என்று மட்டும் கொழுந்தனாரிடம் சொன்னது காதில் விழுந்தது.

புளிச்சோற்றுக்கும் அதே மிளகாய்தான். அதையும் எடுத்தேன். பொங்கலும் வடையும் எள்ளுருண்டையும் மட்டும் படைத்தோம். தேவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்னாலதான்கா எல்லாம்." அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

தூறல். மிளகாய்ப் பொட்டலம் குப்பைக்கு. சட்டி எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன்.

காலை இவர் வெறும் டீ. ரொட்டி வைத்தேன், தொடவில்லை. கோபம் இல்லை என்றார். கண்ணைத் திறந்துகொண்டுதான் சொன்னார்.

மதியம் ஷாமினி கையில் தேவி அனுப்பிய டிபன் அடுக்கு. "மெளகு ரசம், மொளகாயே போடலன்னு சித்தி சொல்லச் சொன்னாங்க."

இவர் உட்கார்ந்தார். பிசைந்தார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

மிச்சத்தை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.