சவப்பெட்டிக்கு வைத்த காசு

2025 ஜூன் 3, செவ்வாய்

இவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: "வீட்டுல ஒக்சிஜன் மெஷின் வேணும். ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணித்தியாலம் போடணும்." ஏதோ குடை வாங்கச் சொல்வதுபோலச் சொன்னார். விலை கேட்டேன். மூன்று இலட்சமாம். திறந்த வாய் மூடவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்தால் அடுத்த இடி. கக்கூஸ் பதினான்கு படி கீழே. இவர் திரும்பி ஏறும்போது நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் பொறு, ரொஷானி" என்றார். இருபத்தொரு வருஷம் மசாலைத்தூள் மில்லில் மல்லி மூட்டை தூக்கின மேர்வினா இது? பிடித்து ஏற ஒரு கம்பிகூட இல்லை.

ஜூன் 11, புதன்

சமூக சேவை மிஸ்ஸைப் பார்த்தேன். நல்ல பிள்ளை. உட்காரச் சொல்லி, ஃபோமைத் தானே நிரப்பினார். ஆனால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் என்றால் சுருக்காகக் கிடைக்குமாம். ஒக்சிஜன் மெஷினுக்குத் தனியாக எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டுமாம். எவ்வளவு நாள்? அவருக்கும் தெரியாது.

படிக்குக் கம்பி போட உதவிப் பணம் இருக்கிறது. அதற்குக் காணி உறுதிப் பத்திரம் வேண்டும். காணி இன்னும் மாமனார் பேரில். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம்! செத்தவர் பேரில் காணி கிடக்கலாம், உயிரோடு இருக்கிறவர் பிடிக்க ஒரு கம்பி போட முடியாது. பஸ்ஸில் உக்குவளை வரும்வரை எனக்குள்ளேயே ஏசிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மரணாதாரச் சங்கத்துச் சந்தாவுக்கு வந்தார்கள். கொடுத்தேன். இவர் கட்டிலிலிருந்து சிரிக்கிறார்: "நான் செத்தா ஒரு லட்சம், பெட்டி, பந்தல், கதிரை, எல்லாம் வரும். மூச்சு விட்டா ஒண்ணும் வராது." வாயைக் கழுவுங்க என்று கத்தினேன்.

ஜூன் 22, ஞாயிறு



சங்கக் கூட்டத்துக்கு இவருக்குப் பதிலாக நான் போனேன். செயலாளர் பஸ்தியாம்பிள்ளை அண்ணன் ஒரு கடிதத்தை எடுத்து வாசிக்கிறார். இவர் எழுதியது! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் மரணப் பணத்தை இப்போதே தரவும். நான் இறந்தால் பெட்டியோ பந்தலோ எதுவும் வேண்டாம்." ஐயோ மாதாவே! எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

பஸ்தியாம்பிள்ளை அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "உசுரோட இருக்கிறவனுக்குப் பெட்டிக் காசு குடுக்கிறதா? அபசகுனம். சங்கத்துச் சட்டத்துலயும் இடமில்ல. அந்தச் சட்டத்த எழுதினதே மேர்வின்தான்."

எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை. "அண்ணே, அவரு நாளைக்குச் செத்தா நாளைக்கே குடுப்பீங்கல்ல? கொஞ்சம் முன்னுக்குக் குடுத்தா சாகாம இருப்பாருல்ல?" என்று கேட்டுவிட்டேன். நானா பேசினேன்? என் வாயா அது?

கொடுக்கச் சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் மாரிமுத்து அண்ணன், பிறகு நல்லம்மா, பிறகு கிட்டத்தட்ட எல்லாரும். பஸ்தியாம்பிள்ளை அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். "பெட்டி வேணாம்னு எழுதினீங்களே, ஒங்கள பாய்ல சுத்தியா நான் பொதைக்கிறது?"

"அதுக்கு முந்தி கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேனே" என்கிறார். சிரிப்பதா அழுவதா?

ஜூன் 27, வெள்ளி

சங்கத்து ஒரு இலட்சம் போக மீதிப் பணத்துக்கு மில் முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரிடம் போனேன். இல்லை என்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேட்டுவிட்டு வருவோம் என்றுதான் போனேன். அவர் கல்லாவிலிருந்து எழும்பி வந்தார். "இருபத்தொரு வருஷம் எங்கட மில்லுத் தூளைத்தானே மேர்வின் மூச்சுல இழுத்தாரு. நான் தாறேன் மகள்" என்றார். கொண்டுபோன சண்டையையெல்லாம் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜூலை 5, சனி

இப்படியும் ஒரு நாளா!

காலையில் மெஷின் வந்துவிட்டது. மூக்கில் குழாயைப் போட்டுக்கொண்டு இவர் உள்ளே இருந்தார். பத்து மணிக்கு வாசலில் சங்கத்து லொறி. பஸ்தியாம்பிள்ளை அண்ணன் இறங்குகிறார். பின்னால் பழைய பந்தல் கம்பி ஆறு, ஜெனரேட்டர், சீமெந்துப் பை. "காசு குடுக்கத்தான் வேணாம்னேன். கம்பி சும்மாதான கெடக்குது" என்றார். ஜெனரேட்டர், கரண்ட் போனால் மெஷின் நிற்காமல் இருக்க.

சங்கத்து லொறி ஒரு வீட்டு வாசலில் நின்றால் இந்த ரோட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஐந்து நிமிஷத்தில் சனம் கூடிவிட்டது. நல்லம்மா என்னைக் கட்டிப்பிடித்து ஒரே அழுகை. வேண்டாமடி, இல்லையடி என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் அழுகிறாள். யாரோ பலாபத்வலை ஊருக்கு ஃபோன் போட்டிருக்கிறார்கள். இவருடைய அக்கா பிலோமினா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "என் தம்பி! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

இவர் குழாயைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தார். "அக்கா, டீ குடிக்கிறியா?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி இவர் முதுகில் ஒன்று வைத்தார்.

பதினான்கு படிக்கும் கம்பியை நட்டுச் சீமெந்து பூசியது பஸ்தியாம்பிள்ளை அண்ணன்தான். போகும்போது புத்தகத்தை நீட்டினார். சங்கத்துச் சாமான் வெளியே போனால் கையெழுத்து வேண்டும். வாங்கிப் பார்த்தேன். "இறந்தவர் பெயர்" என்ற கட்டத்தில் இவர் பெயர்! "இறந்த தேதி" வெறுமையாக இருக்கிறது.

"வேற கட்டம் இல்லையே தங்கச்சி" என்றார் அண்ணன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று தனியாக இறங்கி, தனியாக ஏறினார். பதினான்கும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பஸ்தியாம்பிள்ளை அண்ணன் இல்லை.

நேற்றுப் பின்னேரம்கூட வந்து நாலாவது படிக் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இன்று காலை அவர் மனைவி மார்ஜரி அக்கா தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார், எழும்பவில்லை. அவ்வளவுதான். ஒரு காய்ச்சல் இல்லை, தலையிடி இல்லை. எப்படி? எப்படி ஒரு மனுஷன் இப்படி...

பந்தலுக்குக் கம்பி போதவில்லை. இவர் உடனே, "நம்ம வீட்டுக் கம்பிய ஒடச்சு எடுங்க" என்றார். மார்ஜரி அக்கா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அதத் தொடாதீங்க. அவரு நட்டது." ஒரு பக்கத்தைப் பலா மரத்தில் கட்டினார்கள். பந்தல் சரிந்துதான் நின்றது.

இவர் நாள் முழுக்கப் பெட்டியடியில் இருந்தார். மெஷினை அவர்கள் வீட்டுப் ப்ளக்கில் போட்டோம். பெட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் கதிரையில், கொடுக்கக் கூடாது என்றவர் பெட்டியில். பார்க்க முடியவில்லை என்னால்.

சங்கத்துப் புத்தகம் எழுத ஆள் இல்லை. கையெழுத்து நல்லது என்று என்னிடம் தந்தார்கள். விரித்தேன். கடைசி வரியில் அண்ணனின் எழுத்து: மேர்வின். அதன் கீழே எழுதினேன்: பஸ்தியாம்பிள்ளை. தேதியும் போட்டேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "எல்லாம் நிரப்பிட்டியா?"

"மேல ஒரு கட்டம் மட்டும் காலியா கெடக்கு" என்றேன். புத்தகத்தை மூடி மாரிமுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.