செல்விக்கு வராத சொல்

இன்று தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தரையைப் பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், அதே நெடியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த சிறைக் கம்பிகள் கண்முன்னே வந்துவிட்டன. பக்கத்தில் நம் மகள் செல்வி. அவள் மடியில் அவள் பையன். நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை.

டாக்டரம்மா சொன்னார்: "காது நல்லா கேக்குதும்மா. புத்தியிலயும் குறையில்ல. என்ன சொல்லணும்னு அவனுக்குத் தெரியுது. அதுக்கு நாக்கையும் உதட்டையும் எப்படி அசைக்கணும்னு மூளையிலேருந்து தகவல் சரியாப் போகல. அப்ராக்ஸியான்னு பேரு."

பேர் தெரியாமலே இதை நாம் ஒரு தடவை பட்டுவிட்டோமே.

சின்ன வயதில் செல்வியை ஊரே ஊமை என்றது. ஒருநாள் தெளிவாகத் "தண்ணி" என்பாள். மறுநாள் அதே சொல்லுக்கு வாயைக் கோணிக் கோணித் தேடுவாள், வராது, தரையில் புரண்டு அழுவாள். திமிர் என்று உங்கள் அண்ணன் கை ஓங்கியபோது நீங்கள்தான் குறுக்கே விழுந்தீர்கள். "அவ மனசுல சொல்லு இருக்குண்ணே. வாய்க்குத்தான் வழி தெரியல. அடிச்சா தெரிஞ்சிடுமா?"

வயலிலிருந்து சேறு காயாத காலோடு வந்து அவள் எதிரில் குந்துவீர்கள். உங்கள் உதட்டைப் பார்க்கச் சொல்லி, தொடையில் தட்டித் தட்டி, "அப்... பா" என்பீர்கள். அவள் உதடு ஒட்டும், அதற்குமேல் நகராது. கையைக் காட்டிக் கேட்டாலும் கேட்டதைக் கொடுத்துவிடுவீர்கள். சொன்னால்தான் சோறு என்று யாரையும் சொல்ல விட்டதில்லை.

அந்த வருஷ அறுவடைக்குத்தான் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் கைகலப்பு. சங்கக் கொடி பிடித்தவர்களையெல்லாம் போலீஸ் லாரியில் ஏற்றியது, உங்களையும். "நம்ம ஆட்சி வந்தாச்சு, இனிமே பயமில்ல" என்று ஓட்டு எண்ணிய அன்று என்னிடம் சொன்னவர் நீங்கள்.

மனுப் போட்டு உங்களைப் பார்க்க வந்தோம். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை ஒட்டினாள், பிரித்தாள். காற்றுதான் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்டர் நேரமாச்சு என்று அதட்டினார். நீங்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மெதுவா சொல்லு கண்ணு. அப்பா இங்கதானே இருக்கேன்."

சொல் வருவதற்குள் உங்களை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

வெளியே புளியமரத்தடியில் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். சிறையைப் பார்த்து, "அப்பா" என்றாள். உடையாமல், முழுசாக. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கதவைத் தட்டினேன். "ஐயா, ஒரே ஒரு வார்த்தைங்க. அவரு கேட்டாப் போதுங்க."

"அடுத்த மனுவுக்கு வாம்மா" என்றார் காவலுக்கு நின்றவர்.

அடுத்த மனுவுக்கு முன்னால் உங்களைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

பிறகு நீங்கள் உட்கார்ந்த மாதிரியே நான் உட்கார்ந்தேன். வருஷக்கணக்கில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. இன்றும் பதறினால் செல்விக்கு வாய் பின்னிக்கொள்ளும். தன் பிள்ளை வாயைக் கோணும்போது அவள் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. இவனுக்கும் வருமா, அதுவரை நான் இருப்பேனா, ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

என்னிடம் இருப்பதெல்லாம் அன்று கேட்ட அந்தக் குரல்தான். அது உங்களைக் கூப்பிட்டது. நான்தான் கேட்டேன்.