கருநீலத் துணியில் நீ போட்ட கோடுகள்

என் தங்கமே சுமதி,

நீயாவது அங்கே ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாயா? எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து அடுப்படிக்கும் தையல் மெஷினுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து ஒரே மெஷினுக்குச் சண்டை போட்டோமே, இப்போது அது முழுக்க என்னுடையது. சந்தோஷமாக இல்லை, போ.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் கயலுக்கு நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம்.

"இன்னாடி, அந்தக் குளுருல எப்பிடி இருப்ப?" என்று கேட்டேன்.

"அம்மா தெச்ச போர்வை இருக்குதில்ல பெரிம்மா, அத்த முடிச்சிக் குடு" என்றாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

துண்டுத்துணிகளைச் சேர்த்து நீ தைத்த அந்தப் போர்வைக்கு ஓரம் கட்டுவது மட்டும்தான் பாக்கி. மூலைகளை வட்டமாக வெட்டித் தொலைத்திருந்தாய். நேர்த்துணி வைத்தால் சுருங்கும். கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்டிய பட்டிதான் வளைந்து கொடுக்கும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டலாம் என்றேன். "அதெல்லாம் எதுக்குக்கா, ஒரே பட்டியா வரும் பாரேன்" என்று கருநீலத் துணியைச் சதுரமாக எடுத்து, மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு முக்கோணத்தையும் சாய்வாகச் சேர்த்துத் தைத்து, வெள்ளைச் சாக்பீஸால் வரிசையாகக் கோடு போட்டாய். "சோறு வடிச்சிட்டு வந்து மீதியத் தெக்கிறேன்" என்று எழுந்து போனவள், அடுப்படியிலேயே விழுந்தாய், அப்புறம் எழவே இல்லை. அப்படி என்னடி அவசரம்?

அந்தத் துணியை நான் யாரையும் தொடவிடவில்லை. மடித்தால் கோடு அழியுமே என்று கொடியில் தொங்கவிட்டு, மேலே வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தேன். போட்டோவில் விறைப்பாக நிற்கிறாய், அது நீ மாதிரியே இல்லை. துணியிலோ, நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தாயே, அந்த இடத்தில் கோடு கொஞ்சம் ஆடியிருக்கிறது. அதில் எப்படிக் கத்தரி வைப்பேன்?

கடைத்தெருவில் அதே நிறத்தில் வேறு துணி வாங்கி வந்தேன். கயல் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்கம்மா போர்வைக்குன்னுதான் கோடு போட்டுச்சி. நீ பாத்துக்கினு இருக்கறதுக்கில்ல" என்றாள். சுருக்கென்றது. உன் வாய் அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு.

நேற்று உன் துணியையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் முனைக்கு முனை வைத்துத் தைத்ததும் குழாய் மாதிரி வந்தது. கத்தரியை எடுத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு கோடும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது! வெட்டினால் வளையம் வளையமாக விழும், பட்டி எங்கே வரும்? ஒரு கோடு தள்ளிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டாயே, பாவி. தையலைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்கச் சாக்பீஸ் தூள் என் விரலில் ஒட்டியது. கை கழுவ மனம் வராமல், சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தேன்.

கயல் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "தள்ளி வெய்யி பெரிம்மா, நான் புடிச்சிக்கிறேன்."

தள்ளி வைத்துத் தைத்தேன். வெட்டினேன். சுற்றிச் சுற்றி ஒரே பட்டியாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது, ஆனால் கத்தரியை நிறுத்தவில்லை.

பட்டியின் இரண்டு ஓரமும் உள்ளே மடிந்தபோது, மிச்சமிருந்த சாக்பீஸ் கோடும் உள்ளே போயிற்று. "இத்தத் துவைக்காதடி" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "நான் நர்ஸு பெரிம்மா. துவைக்காத போர்வையப் போத்திக்குவனா?"

இன்று காலையில் கள்ளக்குறிச்சியில் மலை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்தாளோ என்னவோ, போன் போகவில்லை. மலைமேல் டவர் கிடைக்காதாம். பார், மறுபடியும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

துவைக்கட்டும் சுமதி. நீ போட்ட கோடு போனால் போகட்டும். நீ பெற்ற பெண்ணுக்குக் குளிரக் கூடாது. அதற்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஓரகத்தி,
உன் மகளுக்கு இனி அம்மாவும்.