துரைசாணிக்குக் கழுத்து வலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், லாயத்தில் எல்லாக் குதிரைகளும் சுகம், உன் அப்பாவின் வாய் வழக்கத்தைவிடச் சுகம். நீயும் சுகமென்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், போனில் நீ சொல்லும் ஒற்றை "இருக்கேம்மா"வை வைத்து வேறு என்ன கண்டுபிடிப்பது.

போன வாரம் குதிரைகளுக்கு வருடாவருடம் போடும் தடுப்பூசி போட்டார்கள், ரண ஜன்னிக்கும் சளிக்காய்ச்சலுக்கும். புது டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், மகா பொறுமைசாலி, இல்லாவிட்டால் கழுத்தில் எந்த இடத்தில் குத்த வேண்டுமென்று உன் அப்பா நடத்திய பாடத்தை நின்று கேட்டிருப்பாரா. கிளம்பும்போது, ஊசி போட்ட இடம் வீங்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம், சோர்ந்து நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார், அதற்குமேல் அவர் ஏதேதோ சொன்னது, உன் அப்பா அப்போது சிரிஞ்சை எப்படிப் பிடிப்பதென்று விளக்கிக்கொண்டிருந்ததால் எங்கள் ரெண்டு பேர் காதிலும் சரியாக விழவில்லை. மற்ற குதிரைகள் ஊசியை அப்போதே மறந்துவிட்டுப் புல்லுக்குச் சண்டை போட்டன. உன் துரைசாணி மட்டும், நீ வளர்த்த செல்லமாயிற்றே, மறுநாள் காலையில் கழுத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கத்தோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தரையில் வைத்த தீவனத்தையும் தொடவில்லை, தண்ணீரையும் தொடவில்லை.

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. உன் அப்பா குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் லாயத்துக்கும் அலைந்தார். கேரட் நறுக்கினார், ஆப்பிள் நறுக்கினார். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர், தவிட்டை வெந்நீரில் குழைத்து, உப்புப் போட்டு, சூடு பதமா என்று முழங்கையை விட்டுப் பார்த்துத் தரையில் வைத்தார். துரைசாணி அதைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், திரும்பச் சுவரைப் பார்த்தாள். மருந்து கெட்டுப்போனது என்றார், டாக்டரம்மா படித்ததே சந்தேகம் என்றார், புல்கட்டு கொண்டுவருகிறவரைப் போனில் பிடித்துத் திட்டினார், பாவம், ஊசி போட்டதே அந்த மனிதருக்குத் தெரியாது. டாக்டரையே கேளுங்களேன் என்றால், "நானா, அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயா" என்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உனக்குத் தெரியாததா.

இனி நானே டாக்டரைக் கூப்பிடப் போகிறேன் என்று சொல்ல மத்தியானம் லாயத்துக்குப் போனால், கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. புல் தூசியாம். "இது செத்துப்போச்சுன்னா அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்" என்றார். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று, லாயம் வேண்டாமென்று போகிறவள் எனக்கு மகளே இல்லை என்று அறிவித்துவிட்டு, வழியனுப்பக்கூட வராமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர். அதற்குப் பிறகு தானாக உன் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை. குத்தலாக ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தவள், அதை விட்டுவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

அடுத்த குதிரைக்குத் தண்ணீர் வைக்க வாளியைத் தூக்கிக்கொண்டு துரைசாணியைத் தாண்டினேன். என் கையில் இருந்த வாளிக்குள்ளேயே மூக்கை விட்டு அடிவரை உறிஞ்சிவிட்டு, இன்னும் எங்கே என்று பார்த்தாள். தாகம் இல்லாமலும் இல்லை, யார்மேலும் கோபமும் இல்லை, வலியில் கழுத்தைத் தாழ்த்த முடியவில்லை, அவ்வளவுதான். வாளியை அவள் நெஞ்சு உயரத்துக்குக் கட்டிக்கொடுத்தோம், தவிடு, கேரட், ஆப்பிள் எல்லாம் காலி. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னால், "உசரத்துல மாட்டுங்கன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று சிரிக்கிறார். இப்போது வீக்கம் வற்றி, கதவை உதைத்து ராஜ்யம் நடத்துகிறாள். உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், ஊசி போட்டால் வாளியை உயர்த்திக் கட்ட வேண்டும், இதெல்லாம் அனுபவத்தில் வருவது என்கிறார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாதென்று எனக்கு உத்தரவு, அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, வீட்டுப் போனுக்கு வேண்டாம், லாயத்துப் போனுக்கு. நான் குளிக்கப் போயிருப்பேன், எடுக்க அவரைத் தவிர ஆள் இருக்காது. எப்படி இருக்கீங்கப்பா என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே, உங்கம்மாகிட்ட குடுக்கிறேன் என்று தப்பித்துவிடுவார். துரைசாணி கழுத்து எப்படி இருக்கு என்று கேள். அவர் குனியாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான்.

வேளைக்குச் சாப்பிடு, உனக்கும் ஏதாவது ஊசி பாக்கியிருந்தால் போட்டுக்கொள், வலித்தால் சுவரைப் பார்த்து நிற்காமல் வாயைத் திறந்து சொல். நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு, அவருடையதும் உண்டு, கேட்டால் இல்லை என்பார். ஒன்று மட்டும் மறக்காதே, துரைசாணி தேறியது உனக்குத் தெரியாது. அதை அவர் வாயால் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிக்கக் கிளம்பத் தயாராக இருக்கும்
உன் அம்மா