மூன்று சொட்டு அமிலம்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம் கிடைத்தது. எட்டாம் மாத வயிற்றைப் பார்த்து ஒரு கம்பெனிப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். நல்லா இருக்கட்டும்.

கல்யாண மோதிரத்தைக் கழற்ற சோப்பு போட வேண்டியதாயிற்று. விரலில் சிவப்பு வளையம். காலில் செருப்பு வார் பதிந்த பள்ளம். ஊறுகாய் நிறுத்தணும்.

+1 லேப். உயிரி மூலக்கூறுகள். மாவுச்சத்துக்கு அயோடின், கொழுப்புக்குக் காகிதத்தில் கறை, புரதத்துக்குச் சூடாக்கும் சோதனை. "சிறுநீர் மாதிரி" என்று சீட்டு ஒட்டி நாங்கள் கொடுப்பது லேப் அட்டெண்டர் கோமதிக்கா கலக்கும் சரக்கு. தண்ணீரில் முட்டை வெள்ளைக்கரு, நிறத்துக்குக் கொஞ்சம் டீ டிகாஷன். மஞ்சள் கரு அவர் டிபன் டப்பாவில் பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குப் போய் ஆம்லெட் ஆகிவிடும்.

யாழினிக்கு அரை மதிப்பெண் வெட்டினேன். சண்டைக்கு வந்தாள்.

"வெள்ளையா மேகம் மாதிரி வந்துச்சே மிஸ். அப்ப புரதம்தானே?"

இல்லை. பாஸ்பேட் இருந்தாலும் வெள்ளை வரும். மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம் விடணும். கலைந்தால் பாஸ்பேட், ஒன்றும் இல்லை. கலையாமல் நின்றால்தான் புரதம். "அமிலம் விடாத வரைக்கும் உனக்கு எதுவுமே தெரியாது" என்று கத்திவிட்டேன். அரை மார்க்குக்கு இவ்வளவு கத்தலா? என்னமோ எரிச்சல்.

கோமதிக்கா கிளம்பும்போது: "இன்னா மிஸ், காலு இப்டி உப்பிக் கீது? டாக்டராண்ட காட்னீங்களா?"

சனிக்கிழமை செக்கப் என்றேன். அவர் முகம் சமாதானம் ஆகவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழும்போதே தலைவலி. பின்மண்டையில். தூக்கம் சரியில்லை, அதுதான்.

போன செக்கப்பில் டாக்டர் சொன்னது: "பிரஷர் கொஞ்சம் எட்டிப் பாக்குதும்மா. தலைவலி, வீக்கம், கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி எது வந்தாலும் அன்னைக்கே வந்துடணும். யூரின்ல புரதம் போக ஆரம்பிச்சா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து."

அன்னைக்கே. சரி. வீக்கம் எல்லாருக்கும் வருவதுதானே. தலைவலி லாரிச் சத்தம்.

ராபினுக்குக் கம்பெனியில் காலை ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். வந்ததும் பார்த்தான். "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" தூங்கி எழுந்தேன் என்றேன். தூங்கவே இல்லை.

போன கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம். லேசான வலி என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறுங்கையோடு வந்தேன். போகாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று மூலையில் ஒரு எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. எம்.எஸ்சி. விலங்கியல்! வெட்கமாக இருக்கிறது.

நாளைக்குப் போர்டில் எழுத:
கார்போஹைட்ரேட் – எரிக்க
கொழுப்பு – சேர்த்து வைக்க
புரதம் – கட்ட
நியூக்ளிக் அமிலம் – எப்படிக் கட்டுவது என்று சொல்ல

நாலாவதில் பாதி ராபினுடையது, பாதி என்னுடையது. மூக்கு மட்டும் அவனுடையதாக வேண்டாம்.

வாங்க: முட்டை 12 (லேபுக்கு 6), லெமன், சோப்பு.

பிப்ரவரி 11, புதன்

செய்துவிட்டேன்.

மதிய சாப்பாட்டு நேரம். கோமதிக்கா ஆபீஸுக்குப் போயிருந்தார். லேப் கதவைச் சாத்தி, ஸ்டாண்டிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்து என்னுடையதையே பிடித்துவந்தேன். ஸ்பிரிட் விளக்கில் மேல்பகுதியை மட்டும் சூடாக்கினேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே சாய்வில்.

வெள்ளை. மேலே ஒரு விரல்கடைக்கு மேகம்.

அமில பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில். டிராப்பரை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஏன் அது புரதமாக இருக்காது:
1. பாஸ்பேட். காலையில் பால் குடித்தேன்.
2. குழாய் சரியாகக் கழுவப்படவில்லை. திங்கட்கிழமை முட்டை ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கழுவும் லட்சணம் தெரியாதா?
3. மூன்றாவது காரணம் இல்லை.

யாழினி இதை எழுதியிருந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

கட்ட வேண்டியது வெளியே போய்க்கொண்டிருக்கிறதோ? உள்ளே இருப்பவனுக்கோ இருப்பவளுக்கோ என்ன மிச்சம்? சாயந்திரம் இரண்டு முட்டை அவித்துச் சாப்பிட்டேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தே சாப்பிட்டேன். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ராபினிடம் சொல்லவில்லை. நாளைக்குப் புதுக் குழாயில் பார்த்துவிட்டு.

பிப்ரவரி 12, வியாழன்

ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதுகிறேன். மத்தியானம் நடந்ததை முதலில்.

பெட்டி பிரிக்காத புதுக் குழாய். மூன்று தடவை கழுவினேன். சூடாக்கினேன். வெள்ளை. நேற்றைவிட அடர்த்தி. போர்டைப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளிப் பொடி மாதிரி மினுக்குகிறது. சாக்பீஸ் தூள் என்று சொல்லிக்கொண்டேன். சாக்பீஸ் தூள் கண்ணை மூடினாலும் தெரியுமா?

கதவு திறந்தது. கோமதிக்கா, கையில் துடைப்பம்.

"நாளிக்கு பரீட்சைக்கு சாம்பிளா மிஸ்? நானே கலக்கியிருப்பேனே. இந்த நேரத்துல ஏன் நின்னுகினு கீறீங்க, குந்துங்க."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்கு டிராப்பரை எடுத்து, வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று விட்டார். பதினாலு வருஷப் பழக்கம்.

மேகம் அசையாமல் நின்றது.

"சூப்பரா வந்துக் கீது மிஸ். முட்டை அளவு கரெக்டு. இதையே நாளிக்கு வச்சிக்கலாம்."

"அது முட்டை இல்லக்கா."

குழாயைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மெதுவாக ஸ்டாண்டில் வைத்தார்.

"ஐயோ, என் கண்ணு" என்றார். அதுவரை என்னை மிஸ் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

ராபினுக்குப் போன். எடுக்கவில்லை, அசெம்ப்ளி லைனில் போன் கூடாது, லாக்கரில் கிடக்கும். கம்பெனி செக்யூரிட்டி நம்பர், அங்கிருந்து சூப்பர்வைசர். "லைன்ல இருக்காரு மேடம். அவசரமா?"

"ஆமாம். அவசரம்." நாலு நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

கோமதிக்காதான் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் கூட்டிவந்தார். பிரஷர் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு ஓடினாள்.

"தலைவலி எத்தனை நாளா?" டியூட்டி டாக்டர்.

"நேத்துலேர்ந்து." பொய். இங்கே வந்துமா பொய்? அவர் எழுதிக்கொண்டு திரும்பியதும் கூப்பிட்டேன். "இல்ல டாக்டர். செவ்வாய்க்கிழமைலேர்ந்து. வீக்கம் அதுக்கும் முன்னாடி." அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

"என்ன வேலைம்மா பாக்குற?"

"ஸ்கூல்ல." என்ன பாடம் என்று கேட்டுவிடுவாரோ என்று இருந்தது. கேட்கவில்லை.

ராபின் யூனிபார்மோடு வந்தான், ஐடி கார்டுகூடக் கழற்றவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஸ்டெல்லா?" என்றவன் அழுதுவிட்டான். நான் அழவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜன்னலுக்கு வெளியே வெயில். பிரஷர் மருந்து, கையில் டியூப். குழந்தையின் நுரையீரலுக்கு நேற்று ஒரு ஊசி, இன்று ஒன்று. அது வேலை செய்ய நாளைக்கு ராத்திரி வரையாவது தாங்கணும். தாங்கினால் நல்லது, தாங்காவிட்டால் உடனே எடுத்துவிடுவார்கள். எட்டாம் மாதம்தான் ஆரம்பம். சின்னதாக இருக்கும். பிழைக்கும் என்று சொல்கிறார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். ஒவ்வொரு உதைக்கும் நேரம் எழுதணும்.

9.40
9.52
10.15

ராபின் டீ வாங்கப் போயிருக்கிறான். இந்நேரம் லேபில் பரீட்சை. பிசிக்ஸ் சார் மேற்பார்வையாம், பாவம் பிள்ளைகள்.

10.31

பிறகு இல்லை. தண்ணீர் குடித்தேன். இடதுபக்கம் திரும்பிப் படுத்தேன். சாமி, ஒன்றே ஒன்று.

11.05. இல்லை.
11.20. இல்லை.

கோமதிக்கா போன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "மிஸ், நல்லா கீறீங்களா? யாழினி ஆசிட்டு ஊத்திச்சு மிஸ். மூணு சொட்டு. நானு பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

முழு மார்க் போடச் சொல்லுங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

11.26. விலாவில் ஒரு உதை. போன் கை நழுவிவிட்டது.

11.27