பெப்பி வந்த பிறகு ஓல்கா சாப்பிடவில்லை

அன்புள்ள செராய்னா,

இத்தனை ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காலையில் போனைத் திறந்ததும் அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓல்காவைத் தவிர. நான் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் சௌக்கியமாக இல்லை, கோபமாக இருக்கிறேன், நீயாவது அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் சரி. போனில் பேசலாம்தான், பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், யாராவது ஒருத்தி பாதியில் வைத்துவிடுவோம், போன வாரம் நடந்த மாதிரி. அதனால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். உன் ஆமை பெப்பி இப்போது குளியலறைத் தொட்டியில் இருக்கிறான். பகலெல்லாம் தொட்டியின் பக்கவாட்டை முட்டினான், விளக்கை அணைத்ததும் ஒன்றும் நடக்காதவன் மாதிரி தூங்கிவிட்டான், எனக்குத்தான் அந்த டொக் டொக் இன்னும் காதில் நிற்கவில்லை. நான் சமையலறைக் குழாயடியில் குனிந்து தலை கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிறேன், மருந்துக்கடையில் எல்லோரும் என்ன லடீனா முடியெல்லாம் இப்படி என்று கேட்கிறார்கள், என் பெண் எனக்கு ஒரு ஆண்பிள்ளையை அனுப்பியிருக்கிறாள் என்றேன், அதற்கு ஒரு சிரிப்பு வேறு.

எப்படி நடந்தது என்று உனக்கு உன் அப்பா சொல்லியிருப்பார், அவர் சொன்னது பாதிதான் இருக்கும், மீதியை நான் சொல்கிறேன். நான் சனிக்கிழமை கடையில் இருக்கும் நேரம் பார்த்து ஆப்பிள் பெட்டியில் பெப்பியை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். தோட்டக் கதவைத் திறந்துவிட்டது பக்கத்து வீட்டு உர்சினா. நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "லடீனா, ஓடி வா, உன் வீட்டுல கல்யாணம்!" என்று கூப்பிடுகிறாள். போய்ப் பார்த்தால் பேரிக்காய் மரத்தடியில் ஓல்காவின் முதுகில் அவன் ஏறி நிற்கிறான், அவள் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடக்கிறாள். உர்சினாவைத் தெரியுமே உனக்கு. கினிப்பன்றிகளைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது அல்லவா, அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னை எத்தனை வருஷமாக இடித்துக்கொண்டிருக்கிறாள். "என் கினிப்பன்றி ஒண்ணு செத்தா அதே வாரத்துல துணைக்கு இன்னொண்ணு கொண்டாரணும்னு ஆயிடுச்சு, உன் ஓல்கா மட்டும் வருஷக்கணக்கா தனியா கிடக்கு, அது என்ன நியாயம்?" என்பாள். அது கினிப்பன்றி, இது ஆமை, கினிப்பன்றி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு படுக்கும், ஆமை முட்டையிலிருந்து வெளியே வந்த நிமிஷத்திலிருந்து தன்பாட்டுக்குப் போகும் என்று நானும் சொல்லாத விதமில்லை. "மனசு ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டு வெங்காயத்தாள் பறிக்கப் போய்விடுவாள். அவள் அப்படிச் சொன்னால் போகட்டும். நீ விலங்கியல் படிக்கிறவள். வடதுருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திமிங்கிலத்தின் பேச்சையெல்லாம் கேட்கிறாய், உன் வீட்டு ஆமை என்ன சொல்கிறது என்று ஒரு தடவை கேட்டாயா?

நீ ஒரே ஒரு வரி போட்டாய், "அவங்களுக்குக் கொஞ்சம் டைம் குடும்மா." கொடுத்தேன். உனக்காகத்தான் கொடுத்தேன், அதற்கு இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். முதல் நாள் அவள் நடந்தாள், அவன் பின்னால் போனான். அடுத்த நாள் அவள் நடக்கவில்லை, அவன் சுற்றிச்சுற்றி வந்து ஓட்டால் முட்டினான், பின்னங்காலைக் கடித்தான். அதற்குப் பிறகு அவள் சுவரோரமாக மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள், அதே மூலையில், திரும்பத் திரும்ப. கத்தரித்துப் போட்ட கீரை வாடிக் கிடந்தது. வேலை முடிந்து சாயங்காலம் வந்து தூக்கினால் வாலுக்கு அடியில் ரத்தம். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தூசிஸ் ஊருக்கு ஓடினேன். கால்நடை டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "கூட ஆண் இருக்கா?" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. என் பெண் சேர்ந்து இருக்கட்டும்னு ஆசைப்பட்டா என்றேன். "ஆசைப்பட்டது பொண்ணு, கடி வாங்குனது இது. காட்டுல இவ நாலு மலை தாண்டி ஓடியிருப்பா. உங்க தோட்டத்துல எங்க ஓடுவா, தக்காளிப் பாத்திக்கா?" என்றார். மருந்துக்கடையில் நிற்கிற நான், ஊருக்கெல்லாம் களிம்பு சொல்கிற நான், அவர் எழுதிக் கொடுத்த களிம்பை என் கடையிலேயே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தப் புண் ஆறி, சாப்பிட்டுத் தேறாமல் அவளைக் குளிர்காலத் தூக்கத்துக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குளிர்காலம் முழுக்க அவள் தூங்கும் அந்தச் சின்ன ஃப்ரிட்ஜைத் துடைத்து, காட்டிலிருந்து உதிர்ந்த பீச் மர இலை பொறுக்கி வந்து பெட்டியில் நிரப்பி வைத்திருக்கிறேன். மாடுகள் மலையிலிருந்து இறங்கியாகிவிட்டது, உச்சியில் வெள்ளை தெரிகிறது, இவள் உடம்பில் ஒன்றும் ஒட்டாமல் எப்படித் தூங்குவாள், தூங்கினால் எழுந்திருப்பாளா என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

தோட்டத்தில் இருந்த அந்தப் பழைய பலகைத் தடுப்பைப் பற்றி நீ பிறகு எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சின்ன வயசில் நீங்க ரெண்டு பேரும் ஆமைகளைப் பிரிச்சு வச்சீங்க, நான் போட்ட ஜன்னல் வழியா அதுங்க ஒண்ணையொண்ணு பார்த்துட்டே இருக்கும், அதை நினைச்சா இன்னும் அழுகை வருது" என்று எழுதியிருந்தாய். உன் அப்பா உன் பிறந்தநாளுக்குப் பெப்பியைக் கொண்டுவந்த அந்தக் கோடையிலேயே தோட்டத்தின் நடுவே பலகை அடித்தோம், அவர் இந்த வீட்டை விட்டுப் போனதற்கு ரொம்ப முன்னால், அப்போதும் இதே கடிதான், இதே ரத்தம்தான். உனக்குக் காட்டவில்லை, நீ சின்னப் பெண். நீ அழுதாய் என்று அப்பா பலகையில் ஒரு ஓட்டை போட்டார், நீ அதைச் சுற்றி நீலச் சாயத்தில் ஜன்னல் வரைந்தாய், திரைச்சீலை எல்லாம் வரைந்தாய். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீ பள்ளிக்கூடம் போன பிறகு அந்த ஜன்னலில் என்ன நடந்தது என்று கேள். அந்தப் பக்கம் பச்சையாக ஏதோ அசைவது தெரிந்ததும் பெப்பி சாப்பாட்டை விட்டுவிட்டு மூக்கு தேயும் வரை பலகையை முட்டுவான். நீ போனதும் கூரை ஓடு ஒன்றைக் கொண்டுபோய் ஓட்டையில் சாத்தி வைப்பேன், நீ வருவதற்கு முன் எடுத்துவிடுவேன். பார்த்துக்கொண்டே இருந்தது அவன் ஒருத்தன்தான் செராய்னா. அவள் ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்ததில்லை. பிறகு அப்பா அவனைத் தன்னோடு கூட்டிப்போனார், அங்கே அவர் தோட்டத்தில் தனியாகவே இருந்து குண்டாகி, கழுத்தை நீட்டிக்கொண்டு திரிந்தான், நீயே படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். இங்கே இவளும் நன்றாக இருந்தாள். இரண்டு பேரும் நன்றாக இருந்ததைத்தான் நீ சரி செய்யக் கிளம்பினாய்.

அப்பா அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார், அங்கே வைக்க இடமில்லை, அது எனக்குப் புரிகிறது. என்னிடம் கேட்டிருந்தால் சேர்ந்து இடம் தேடியிருப்போம். ஆனால் நீ அவரிடம் சொன்ன காரணம் அது இல்லையாமே. "அம்மாவும் தனியா இருக்கா, ஓல்காவும் தனியா இருக்கா, எனக்கு இங்க நிம்மதியாவே இல்லப்பா" என்றாயாம். அவர் அதை வாசலில் நின்று என்னிடம் ஒப்பிக்கிறார், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு. நான் கினிப்பன்றி இல்லை. உன்னைப் பெற்றபோது எனக்குக் கல்லூரி முடியவில்லை, உன்னை ஒரு கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள், எனக்கு இந்த வீடும் இந்த மேசையும் இந்த அமைதியும் சும்மா கிடைக்கவில்லை. வியாழக்கிழமை பாட்டுக் குழுவுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கைத் துருவி மலுன்ஸ் கிண்டி ஒருத்திக்குப் போட்டு ஆப்பிள் கூழோடு சாப்பிடுகிறேன், கடாயில் ஒட்டியதைச் சுரண்டியும் சாப்பிடுகிறேன், யாரும் பங்குக்கு வருவதில்லை. இதைப் படித்துவிட்டு அம்மா ஆமையை வைத்து அப்பாவைச் சொல்கிறாள் என்று உன் தோழிகளிடம் சொல்லாதே. உன் அப்பா யாரையும் கடித்தவர் இல்லை. நல்ல மனுஷன். ஒன்றைச் செய்வதற்கு முன் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான், அது உனக்கும் வந்திருக்கிறது, அதுதான் எனக்குக் கோபம்.

புண்ணைப் பார்க்க அவரையும் வரச் சொன்னேன். வந்து பார்த்தார். "ரெண்டும் பழகிக்கும்னு நெனைச்சேன் லடீனா," என்றார். அவள் பழகிக்கொள்ளவில்லை ரேட்டோ, அசையாமல் கிடந்தாள், நீ அதைப் பழக்கம் என்று நினைத்தாய் என்றேன். பிறகு காபி கொடுத்தேன், குடித்தார், குளியலறையில் டொக் டொக் கேட்டு, "எவ்ளோ நாளா இப்பிடி?" என்றார், நீ விட்டுட்டுப் போன நாளா என்றேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அதை வைத்து நீ ஒன்றும் கட்டிக்கொள்ள வேண்டாம். அவர் விசாரித்ததில் டிச்சீனோ பக்கம் ப்ரெனோ என்று ஒருவர் இருக்கிறார், வெயில் விழும் சரிவில் கல் சுவர் கட்டி, ஆண் ஆமைகளை ஆளுக்கொரு சுவருக்குள் விட்டு வளர்க்கிறார். போனில் பேசினேன், நல்ல மாதிரி. "என்கிட்ட இருக்கிறவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கிறதில்ல, அதனாலதான் எல்லாரும் நூறு வயசு இருக்கப் போறாங்க," என்று சிரித்தார். வருகிற சனிக்கிழமை கூர் நகரத்துக்கு வண்டியில் வருகிறார், அதற்குப் பிறகு வசந்தத்தில்தான். குளிருக்கு முன் பெப்பியும் ஒரு மண்ணில் கால் ஊன்ற வேண்டும் இல்லையா, தொட்டியிலேயே எத்தனை நாள், அவனும் பாவம்தான். ஆனால் ஒன்று கேட்டார், ஆமை யாருடையது என்று. என் பெண்ணுடையது என்றேன். "அப்ப பொண்ணு வாயால சொல்லட்டும்" என்றார்.

நானே கொடுத்துவிட்டு உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம், உர்சினாகூட இப்போது அதைத்தான் சொல்கிறாள், ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து அவள் சட்டம் பேசுவதில்லை. ஆனால் நீ என்னைக் கேட்காமல் செய்தாய், நான் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். அவன் உன் பிறந்தநாள் ஆமை.

இன்று மத்தியானம் நல்ல வெயில். ஓல்காவைத் தோட்டத்தில் விட்டேன். முதலில் மூலைக்குத்தான் போனாள், அங்கேயே நின்றாள், பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிய அவளுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு திரும்பி, தோட்டத்தின் குறுக்காக மெதுவாக நடந்து, கீரையைத் தாண்டி, புல்லில் கடைசியாக நின்ற ஒரு மஞ்சள் பூவைத் தின்றாள். தின்றுவிட்டு நட்ட நடுவில் நான்கு காலையும் நீட்டிப் பரப்பிக்கொண்டு வெயிலில் படுத்துவிட்டாள். படம் இதோடு வைத்திருக்கிறேன். துணை இல்லை பாவம் என்று சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் அதைப் பார்.

அங்கே பகல் சுருங்க ஆரம்பித்திருக்கும், நான் அனுப்பிய வைட்டமின் சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள், ஈரக் காலுறையோடு படகில் நிற்காதே, பாறைமீனையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, கொட்டைக் கேக் செய்து அனுப்புகிறேன். கோபமாக எழுதினேன் என்பதற்காக உன்னை நினைக்காமல் இருக்கிறேன் என்று அர்த்தமில்லை, உன் அறையில் விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுத்தான் தினமும் படுக்கிறேன். கடவுள் உன்னைக் கரையிலும் கடலிலும் பார்த்துக்கொள்வார், நீ நன்றாக இரு என் கண்ணே.

சனிக்கிழமைக்குள் சரி என்று ஒரு வார்த்தை எழுது, ப்ரெனோவுக்குக் காட்ட அது போதும். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
லடீனா